மீனாட்சியம்மையும் மலையகத் தொழிற்சங்கப் பாடலும்

மலையக இலக்கியத்தை ஆராய்வோர் நாட்டார் பாடலிலிருந்து நேரே நவீன கவிதைக்கும் சிறுகதைக்கும் வந்துவிடுகின்றனர். இவற்றுக்கு இடைப்பட்ட வடிவமொன்று, தொழிற்சங்க மேடைக்கென இயற்றப்பட்ட பாடல், உரிய கவனத்தைப் பெறவில்லை. அதன் முன்னோடிகளுள் ஒருவரான மீனாட்சியம்மையைக் கோ. நடேசய்யரின் மனைவி என்ற அளவிலேயே பலரும் அறிவர்.

1931இல் நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியிலும் பங்குகொண்ட மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களிலே தாம் இயற்றிய பாடல்களைப் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது.

பாடலைக் கருவியாகக் கொண்டமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அத்துமீறல் சட்டம் வெளியாரைத் தோட்டத்துக்குள் அனுமதிக்கவில்லை. நடேசய்யரே புடவை வியாபாரியாக வேடமிட்டு உட்புக நேர்ந்தது. எழுத்தறியாதார் மிகுந்த லயங்களிலே துண்டுப்பிரசுரம் செல்லும் தூரமும் குறைவு. ஆயின் பழகிய மெட்டில் அமைந்த பாட்டு, கேட்டவர் நாவிலேயே லயத்துக்குள் நுழைந்துவிடும். அதனைத் தடுக்கத் துரையாலும் கங்காணியாலும் இயலாது. அமெரிக்காவில் ஜோ ஹில், தேவாலய மெட்டுகளுக்குத் தொழிலாளர் சொற்களை இட்டதும் இதே தேவையின் பாற்பட்டதே.

அப்பாடல்களின் பகைப்புலமும் மனங்கொள்ளத்தக்கது. 1939இல் அரசாங்கம் நாட்கூலி பெற்ற இந்திய ஊழியரை வேலைநீக்கத் தீர்மானித்தது. இந்தியா தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். கூலியும் குடியிருப்பும் மட்டுமன்றி, இந்நாட்டில் வாழும் உரிமையே கேள்விக்குள்ளான காலம் அது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவ்வச்சத்தை மெய்ப்பித்தது.

இவற்றைப் ‘பிரசாரம்’ என ஒதுக்குவோர், தனித்திருந்து வாசிக்கும் கவிதைக்குரிய அளவுகோலால் கூடிநின்று பாடும் பாட்டை அளக்கின்றனர். எளிமையும் திரும்பத் திரும்ப வருதலும் இங்கு குறைகளல்ல. ஒருமுறை கேட்டவரும் உடன்பாடுவதற்கான வழிகள். கொழுந்து பறிக்கும் பெண்கள் உழைப்பிற் பெரும்பங்கினராய் இருந்தும் மேடையில் இடம்பெறாதிருந்த காலத்தில், பெண்ணொருவர் அரசியலைப் பாடியதும் சிறிய செய்தியன்று. கணவரின் வரலாற்றில் அடிக்குறிப்பாக அன்றி, மலையகப் பாட்டு மரபின் தனி அத்தியாயமாகவே மீனாட்சியம்மையை நாம் ஆராய்தல் வேண்டும்.