மெழுகுவர்த்தி கேட்ட பிசாசு

"சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்டே பிடிச்சுக் கொடுத்துடுவேன்!" இப்படி ஒரு தடவையாவது சொல்லாத அம்மா நம்மில் யார்? விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துத் தாய்மார்களும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. "அடம் பிடிச்சே, ஜாக் எகிறிக் குதிச்சு ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பான்" என்று குழந்தைகளை மிரட்டினார்கள்.

முழுப் பெயர் ஸ்பிரிங் ஹீல்டு ஜாக். அதாவது, குதிகாலில் ஸ்பிரிங் வைத்த ஜாக். உயரமான மதிலை ஒரே தாவில் தாண்டுவான், கண் நெருப்பாக எரியும், வாயிலிருந்து நீல ஜுவாலை கக்குவான் என்றெல்லாம் கதை. பூச்சாண்டி வெறும் கற்பனைதான். ஆனால் ஜாக் கதைக்குப் பின்னால் நிஜமாகவே காயப்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

1837-ன் கடைசியில், லண்டனைச் சுற்றியிருந்த கிராமங்களில் வதந்தி கிளம்பியது. பேய், கரடி, பிசாசு என்று விதவிதமாக வேஷம் போட்டு யாரோ பெண்களைப் பயமுறுத்துவதாகப் பேச்சு. 1838 ஜனவரியில், பெக்காம் பகுதிவாசி ஒருவர் எழுதிய கடிதத்தை லண்டன் லார்டு மேயர் சர் ஜான் கோவன் பகிரங்கப்படுத்தினார். பெரிய இடத்துப் பிள்ளைகள் பந்தயம் கட்டிக்கொண்டு இந்த அக்கிரமத்தைச் செய்வதாகவும், சில பெண்கள் புத்தி பேதலித்துப் போனதாகவும் அதில் இருந்தது. மேயருக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அதே மாதிரிப் புகார்க் கடிதங்கள் வந்து குவிந்தன.

கதவைத் திறந்த ஜேன்

1838 பிப்ரவரி 20 இரவு. லண்டனின் கிழக்கே ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் ஒரு வீட்டு வாசலில் மணிச் சத்தம். 18 வயது ஜேன் ஆல்சாப் போய்ப் பார்த்தாள். "நான் போலீஸ்காரன். ஜாக்கைப் பிடிச்சுட்டோம், சீக்கிரம் வெளிச்சம் கொண்டு வா!" என்றது ஓர் உருவம். பாவம், அந்தப் பெண் ஓடிப்போய் மெழுகுவர்த்தி கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கியவன் அதை மார்பருகே பிடித்தான், போர்வையை உதறினான், வாயிலிருந்து நீலமும் வெள்ளையுமாக நெருப்பு! உலோகம் போன்ற நகங்களால் அவள் உடையைக் கிழித்தான், கழுத்தையும் கையையும் கீறினான். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த சகோதரிதான் அவளை உள்ளே இழுத்துக் காப்பாற்றினாள்.

எட்டு நாள் கழித்து லைம்ஹவுஸ் பகுதியில், சகோதரன் வீட்டிலிருந்து சகோதரியோடு திரும்பிக்கொண்டிருந்த லூசி ஸ்கேல்ஸ் முகத்திலும் நீல நெருப்பு ஊதப்பட்டது. கண் தெரியாமல் கீழே விழுந்தவளுக்கு வலிப்பே வந்துவிட்டது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நிஜப் பிசாசாக இருந்தால் மெழுகுவர்த்தி எதற்கு? நெருப்பு கக்குவது தெருவில் வித்தை காட்டுகிறவர்கள் செய்கிற காரியம்தான். எரியக்கூடிய திரவத்தை வாயில் வைத்துக்கொண்டு சுடரில் ஊதினால் போதும். ஜேன் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அதற்குள் ஒரு மனுஷனின் ஏமாத்து வேலை தெளிவாகத் தெரிகிறது.

யாருக்குத் தண்டனை?

'நான்தான் ஜாக்' என்று பெருமையடித்த மில்பேங்க் என்பவனை விசாரித்தார்கள். தன்னைத் தாக்கியவன் நெருப்பு கக்கினான் என்பதில் ஜேன் உறுதியாக இருந்தாள். அவனோ, தனக்கு அது தெரியாது என்றான். தப்பித்துவிட்டான். வாட்டர்ஃபோர்டு பிரபுவின் மேல் பலருக்குச் சந்தேகம். நிரூபணம் ஆகவில்லை. அவர் 1859-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்த பிறகும் ஜாக் 'வந்துகொண்டே' இருந்தான். 1877-ல் ஆல்டர்ஷாட் ராணுவ முகாமிலும், 1904-ல் லிவர்பூலிலும் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இதைவிட வேடிக்கை, ஒரு பென்னிக்கு விற்ற மலிவுத் தொடர்கதைகளில் ஜாக் ஏழைகளுக்கு உதவும் வீரனாகிவிட்டான்! பையன்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். ஜேனின் கிழிந்த உடையும் லூசியின் வலிப்பும் யார் நினைவில் இருந்தன?

இந்தக் கதையில் நமக்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ராத்திரி வேளையில் "போலீஸ்", "ஆபீஸ்" என்று யார் வந்து நின்றாலும், ஜன்னல் வழியாகப் பார்த்து, விசாரித்து, அப்புறம் தாழ்ப்பாளைத் தொடுங்கள். இன்னொருவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மகளோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ "ஒருத்தன் என்னைப் பயமுறுத்தினான்" என்று சொன்னால், "எல்லாம் உன் பிரமை" என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேளுங்கள்.

குழந்தையைத் தூங்க வைக்க இல்லாத பூச்சாண்டியைக் கூப்பிட வேண்டாம். நிஜமாகவே யாராவது மிரட்டும்போது, "அம்மாகிட்ட சொன்னா அம்மா பார்த்துப்பா" என்ற தைரியம்தான் அதற்கு வேண்டும். இன்று ராத்திரி அதைச் சொல்லித் தட்டிக்கொடுத்துப் பாருங்களேன்!