விழித்திரை – 9: அடைப்பு அங்கே, ஊசி இங்கே

சென்ற வாரம் தமனி அடைப்பைப் பார்த்தோம். தமனி ரத்தத்தைக் கொண்டுவருகிறது, சிரை திரும்ப எடுத்துச்செல்கிறது. இவ்வளவு நினைவிருந்தால் போதும். சிரை அடைப்புக்குப் போடும் ஊசிகளின் விலையை இந்த வாரம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு கேள்வியைத் தீர்க்காமல் விலைக்குப் போக முடியாது. அடைப்பு ரத்தக்குழாயில் இருக்கிறது. ஊசியோ குழாயில் இறங்காமல், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழில் இறங்குகிறது. இது எப்படி வைத்தியம் ஆகும்?

இந்த நோயைப் புரிந்துகொள்ள நம் பேச்சுவழக்கே குறுக்கே நிற்கிறது. ‘கண் நரம்பு அடைச்சிருச்சு’ என்கிறோம். உணர்வைக் கடத்துவதும் நமக்கு நரம்புதான், கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்புதான். அதனால் பார்வை நரம்பே செத்துவிட்டதாக எண்ணி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ‘அடைப்பு’ என்ற சொல் இன்னொரு திசையில் இழுக்கிறது. அதைக் கேட்டதும் இதயமும் பலூனும் ஸ்டென்ட்டும் நினைவுக்கு வருகின்றன. அடைப்பை எடுத்தால்தானே நோய் தீரும் என்று மனம் முடிவுகட்டுகிறது. உண்மையில் நடப்பது வேறு. விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கே சந்திக்கும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான். வயதாலும் ரத்தக்கொதிப்பாலும் தமனி தடித்து இறுகும்போது, பக்கத்தில் கிடக்கும் மெல்லிய சிரை நசுங்குகிறது. ரத்தம் தேங்கி உறைகிறது. இது கிளைச் சிரை அடைப்பு. கண்ணை விட்டுப் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில், சல்லடை போன்ற தட்டுக்கு அருகே பிரதான சிரையே அடைபட்டால் அது மையச் சிரை அடைப்பு. முன்னதே பலமடங்கு அதிகம் பேருக்கு வருகிறது. பின்னதே அதிகம் பாழ்படுத்துகிறது. சர்க்கரை, கொழுப்பு, கண் அழுத்த நோய் ஆகியவையும் காரணங்கள் என்றாலும் ரத்தக்கொதிப்புக்கே முதலிடம்.

அடைப்பை நேரடியாக நீக்க யாரும் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். 1988இல் தமனியையும் சிரையையும் கட்டியிருக்கும் அந்த உறையைப் பிரித்துவிடும் அறுவைசிகிச்சை வந்தது. 2001இல் பார்வை நரம்பின் விளிம்பில் கீறி, நெருக்கத்தைத் தளர்த்தும் முறை வந்தது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தைச் சிரைக்குள்ளேயே செலுத்தியும் பார்த்தார்கள். எதுவும் பொதுவான சிகிச்சையாக நிலைக்கவில்லை. லேசர் ஓரளவு கைகொடுத்தது. கிளை அடைப்பில் அது பார்வையை மேம்படுத்துவதை 1984இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மைய அடைப்பில் 1995இல் கிடைத்த முடிவுதான் விசித்திரம்: ஆன்ஜியோகிராமில் கசிவு குறைந்தது, பார்வை தேறவில்லை.

அப்படியானால் பார்வையைக் கெடுப்பது எது? இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்த கதை இதற்கான விடைதான். கிளாஸ்கோவில் பணியாற்றிய ஐசக் மைக்கேல்சன், வளரும் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் பரவும் ஒழுங்கைப் பார்த்து, விழித்திரையே ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு அவற்றை அழைக்கிறது என்று 1948இல் ஊகித்தார். அந்தப் பொருளை அவர் கண்ணால் கண்டதில்லை. 1983இல் பாஸ்டனில் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் துவோராக் குழுவினர், புற்றுக்கட்டியுள்ள விலங்குகளின் வயிற்றில் நீர் கோப்பது ஏன் என்று தேடி, ரத்தக்குழாய்களைக் கசியவைக்கும் புரதம் ஒன்றைக் கண்டார்கள். 1989இல் கலிஃபோர்னியாவில் நெப்போலியோனே ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் செல்களிலிருந்து புதுக் குழாய்களை முளைக்கவைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். கசியவைப்பதும் முளைக்கவைப்பதும் ஒரே புரதம் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்று மருத்துவர்கள் அதை வெஜ்எஃப் என்கிறார்கள். 1994இல், மையச் சிரை அடைப்பால் புதுக் குழாய்கள் முளைத்த கண்களின் நீர்மத்தில் அதே புரதம் மிகுந்து கிடப்பது தெரியவந்தது. வயிற்றில் நீர் கோப்பதற்கும் கண்ணின் நடுவில் நீர் கோப்பதற்கும் காரணம் ஒன்றே.

இனி அடைப்பைப் படிப்படியாகப் படித்துப் பாருங்கள். சிரை அடைபட்டதும் பின்னால் ரத்தம் தேங்குகிறது. விழித்திரைக்குப் பிராணவாயு போதவில்லை. அது வெஜ்எஃப் சுரந்து உதவி கேட்கிறது. அந்தக் குரலே குழாய்களைக் கசியவைத்து, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் மாக்குலாவை வீங்கவைக்கிறது. கேடு வரும் வழி இதுதான் என்றால் மருந்து போய்ச் சேரவேண்டிய இடமும் இதுதான். 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற பெவாசிஸுமாப் வெஜ்எஃபைப் பிடித்து முடக்கும் மருந்து. 2005இல் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதன் சிறு அளவைக் கண்ணுக்குள் செலுத்திய முதல் நோயாளிகளில் ஒருவருக்கு இருந்தது மையச் சிரை அடைப்பு. ஒரே வாரத்தில் வீக்கம் வடிந்ததை ஓசிடி ஸ்கேன் காட்டியது. அடைப்பு அப்படியே இருந்தது.

அடைப்பு அப்படியே இருந்தால் இது நோயை மூடிமறைப்பதுதானே, மாதாமாதம் ஊசி போடச் சொல்வதே அதற்குச் சாட்சி இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. பல கண்களில் தேங்கிய ரத்தம் போக மாற்றுப் பாதைகள் மெல்ல உருவாகின்றன. அதுவரை மாக்குலா தாக்குப்பிடிக்க வேண்டும். வெஜ்எஃபை முடக்கும் இன்னொரு மருந்தான ரானிபிசுமாப் ஊசியை மைய அடைப்பில் சோதித்த ‘குரூஸ்’ ஆய்வில், ஊசி பெற்றவர்கள் ஆறு மாதத்தில் பார்வைப் பலகையில் சராசரியாக 14.9 எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். பாவனை ஊசி பெற்றவர்களுக்குக் கூடியது 0.8 எழுத்து. ஆறு மாதத்துக்குப் பிறகு இவர்களுக்கும் உண்மையான ஊசி கிடைத்தது. ஓராண்டு முடிவில் முதலில் தொடங்கியவர்களின் ஆதாயம் 13.9, தாமதமாகத் தொடங்கியவர்களுடையது 7.3. ஏறத்தாழ பாதி. காத்திருந்ததில் இழந்ததை அதே மருந்தால் மீட்க முடியவில்லை.

எல்லாக் கண்களும் தேறும் என்று நான் சொல்லவில்லை. ரத்தவோட்டம் பெரிதும் அற்றுப்போன கண்ணில் வீக்கம் வடிந்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம். கருவிழிப் படலத்தில் புதுக் குழாய்கள் முளைத்து, மூன்று மாதத்துக்குள்ளேயே கடும் கண் அழுத்தம் வரவும் கூடும். அதற்காகவே, பார்வை போன கண் என்றாலும் பரிசோதனையை விடக்கூடாது. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை இந்த அடைப்பைக் கரைத்துவிடும் என்று நம்பி ஊசியைத் தள்ளிப்போடுவதும் தவறு.

விலை அடுத்த வாரத்துக்குப் போகிறது. மலிவான பெவாசிஸுமாபும் விலையுயர்ந்தவையும் ஒன்றா என்பதில், 2017இல் வந்த அமெரிக்க ஆய்வும் 2019இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அதற்கே ஒரு வாரம் வேண்டும். அதற்குள் ஒன்று செய்யுங்கள். சிரை அடைப்பு வலிக்காது; ஒரு கண் மங்கியதை மறு கண் மறைத்துவிடும். வீட்டில் ரத்தக்கொதிப்பு உள்ளவர் யாராக இருந்தாலும், நாளைக் காலை தேதி கிழிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.