வாழ்க்கைத் துணையை அழைக்க வருமானச் சான்று

மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டைப் பகுதிகளில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் பெற்றோர் சிலர், தமது காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் மகளின் விசாவுக்குத் துணைபுரியும் என நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

பிரித்தானியா முதன்மையாக நோக்குவது அங்கு வாழும் துணையின் வருமானத்தையே. 2012 ஜூலையில் 18,600 பவுணாக விதிக்கப்பட்ட ஆண்டு வருமான எல்லை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. ஒரே தொழிலில் ஆறு மாதம் இருந்தவர் அம்மாதங்களின் சம்பளச் சிட்டைகளையும், அச்சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கூற்றுகளையும் சமர்ப்பிக்கவேண்டும். கையில் காசாகச் சம்பளம் பெறுவோர் இடறி விழுவது இங்கேதான். இலங்கையில் மணமகள் உழைக்கும் சம்பளம், அவர் ஆசிரியையாயினும், கணக்கில் சேராது. வருமானம் அறவே இல்லாவிடின் 88,500 பவுண் சேமிப்பு ஆறு மாதமாவது கைவசம் இருந்திருக்கவேண்டும். கடன் பெற்ற பணம் செல்லாது. நாள் குறிக்குமுன் மாப்பிள்ளையிடம் சம்பளச் சிட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவென்றே நாம் கருதுகின்றோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டணமும் போய், பிரிவும் நீளும்.

கியூபெக் நீங்கலான கனடாவிலோ துணையை மட்டும் அழைப்பதற்குப் பொதுவாக வருமான எல்லை இல்லை. எனினும் மாற்றுத்திறன் காரணமன்றி அரசின் சமூக உதவிப் பணம் பெறுபவர் அழைக்க இயலாது. அழைப்பவர் மூன்றாண்டுகள் பராமரிப்புப் பொறுப்பேற்று ஒப்பமிடவும் வேண்டும்.