சென்னை மாநகரம் - தோற்றமும் வளர்ச்சியும்

சென்னை நகரம் கி. பி. 1639-இல் தோன்றியது என்பது பெருவழக்கு. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாளை நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடும் வழக்கமும் 2004 முதல் ஏற்பட்டுள்ளது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வெறும் மணற்பரப்பில் ஒரு கோட்டையை எழுப்பினர் என்றும், அக்கோட்டையே வளர்ந்து இன்றைய மாநகரம் ஆயிற்று என்றும் பள்ளிநூல்களும் கூறி வந்துள்ளன. இக்கூற்று எத்துணை அளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோட்டை பிறந்த நாளையும் நகரம் பிறந்த நாளையும் ஒன்றாகக் கொள்ளுதல் சான்றுகளோடு முரண்படும் என்பது நம் கருத்து.

கோட்டைக்கு முன்

இன்று சென்னையின் பகுதிகளாக விளங்கும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர், திருவான்மியூர் ஆகியவை பழம்பெரும் ஊர்கள் ஆகும். தாலமி குறிப்பிடும் கடற்கரை ஊர்களுள் ஒன்றை மயிலாப்பூர் என்று அறிஞர் பலர் கொள்வர். திருஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையில் ஆண்டு முழுவதும் நிகழ்ந்த விழாக்களை முறையே கூறியுள்ளார். அவற்றுள் மாசிக் கடலாட்டும் ஒன்று. விழாக்கள் இவ்வாறு நிரல்பட நடைபெற்ற ஓர் ஊர், செல்வமும் மக்கட்பெருக்கமும் உடையதாக இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? திருவல்லிக்கேணிக் கோயிலைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். அக்கோயிலில் தந்திவர்ம பல்லவனது கல்வெட்டு உள்ளது. அது கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. எனவே, திருவல்லிக்கேணி கம்பெனியாரின் கோட்டைக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது என்பது தெளிவாகும்.

திருவொற்றியூரில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. ஆங்கு இலக்கணம் கற்பித்தற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. சோழர் காலத்தில் இந்நிலப்பகுதி புலியூர்க் கோட்டம் என்னும் பிரிவில் அடங்கியிருந்தது. இன்றைய எழும்பூர் அக்காலத்தில் எழுமூர் எனப்பட்டது. அஃது ஒரு நாட்டுப்பிரிவுக்கே பெயர் தந்த ஊர். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலக் குடைவரை ஒன்று உண்டு. அப்பல்லாவரத்திலேயே 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. இவற்றையெல்லாம் நோக்கும்பொழுது, 1639-இல் இங்கு இருந்தது வெறும் மணல்வெளி அன்று. உழவும் நெசவும் மீன்பிடித் தொழிலும் கோயில் வாழ்வும் உடைய ஊர்களின் தொகுதியே என்பதை அறிகின்றோம்.

பெயர்கள்

கம்பெனியின் அலுவலர் பிரான்சிசு டே என்பவர், இப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து 1639-இல் நிலக்கொடை பெற்றார். நாயக்கர் சந்திரகிரியில் இருந்த விசயநகர அரசர்க்கு அடங்கியவர். அக்காலத்திலேயே அவ்விடம் மதராசப்பட்டினம் என வழங்கியது. இப்பெயரின் தோற்றம் பற்றி அறிஞரிடையே பல கருத்துகள் உள்ளன. கிருட்டிணகிரிப் பக்கத்துப் பெண்ணேசுவரமடத்தில் உள்ள கி. பி. 1367-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று மாதரசன் பட்டினம் என்னும் துறையைக் குறிக்கின்றது என்பர். அஃது இவ்வூரே ஆயின், மதராசு என்னும் பெயர் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டது என்பது உறுதிப்படும்.

கோட்டையை ஒட்டி எழுந்த புதிய ஊர்க்கு நாயக்கருடைய தந்தையாரான சென்னப்ப நாயக்கர் பெயரால் சென்னப்பட்டினம் எனப் பெயரிட்டனர். பின்னர் 1645-இல் மூன்றாம் சீரங்கராயர் அளித்த கொடைப்பட்டயம் இவ்வூரைச் சீரங்கராயபட்டினம் என்று குறித்தது. ஆயினும், அப்பெயர் மக்கள் வாயில் நிலைபெறவில்லை. அரசர் சூட்டிய பெயர் மறைய, நாயக்கர் குடும்பத்துப் பெயரும் பழைய துறையின் பெயருமே எஞ்சின. ஆங்கிலேயர் மதராசு என்றனர். தமிழ் மக்கள் சென்னை என்றனர். 1996-இல் மக்கள் வழக்கே அரசு வழக்கும் ஆயிற்று.

ஊர்கள் சேர்ந்த முறை

இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கடற்கரையைக் கம்பெனியார் தேர்ந்தமைக்குக் காரணம் துணி வாணிகமே ஆகும். நெசவாளரும் சாயமிடுவோரும் அணித்தே வாழ்ந்தனர். துணி மலிவாகக் கிடைத்தது. தெற்கே கூவம் ஆறும் கிழக்கே கடலும் காவலாக அமைந்தன. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆளையும் பொருளையும் கரை சேர்த்தன.

நகரம் வளர்ந்தது ஊர்களைச் சேர்த்துக்கொண்டதால் ஆகும். திருவல்லிக்கேணி 1676-இல் கம்பெனியார் கைக்கு வந்தது. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகியவை 1693-இலும், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவை 1708-இலும், வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம் முதலியவை 1742-இலும் சேர்ந்தன. மயிலாப்பூரும் சாந்தோமும் 1749-இல் இணைந்தன. இடையில் 1688-இல் நகராட்சி மன்றம் அமைக்கப்பட்டது. 1734-இல் நெசவாளர்க்கென்றே சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. இப்பட்டியலை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பாக்கம், பாடி, ஊர் என முடியும் இப்பெயர்கள் யாவும் தமிழ்ப் பெயர்கள். கம்பெனியார் ஊர்களைப் பெற்றனரேயன்றிப் படைத்திலர். அவர்கள் புதிதாகப் படைத்த பேட்டைகள் சிலவே.

இச்சேர்க்கைக்கு ஊர்மக்கள் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1749-இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் கோட்டையின் காவலுக்காக, அதனை அடுத்திருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு வெளியாக்கப்பட்டது. அங்கு இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அகற்றப்பட்டுப் பின்னர் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. பழைய கோயில் இருந்த இடத்தில் இன்று உயர்நீதிமன்றம் உள்ளது. வடக்கே அமைந்த புதிய கறுப்பர் நகரமே 1911-இல் சார்ச்சு டவுன் எனப் பெயர் பெற்றது.

தமிழுக்குச் சென்னை

வாணிகத்துக்கென எழுந்த நகரம் கல்விக்கும் நிலைக்களமாயிற்று. 1812-இல் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதனொடு தொடர்புடைய எல்லிசு, தென்மொழிகள் தனிக் குடும்பத்தின என்பதை 1816-இல் எடுத்துக்காட்டினார். தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1847-இல் மழவை மகாலிங்கையரால் இந்நகரில் அச்சிடப்பெற்றது. சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887-இல் வெளியிட்டதும் இந்நகரின் அச்சகத்திலிருந்தே. 1857-இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய தமிழ் நூல்கள் அச்சு வாகனம் ஏறிய இடம் பெரும்பாலும் சென்னையே என்று கூறுதல் மிகையன்று.

தொழிலும் உலகத் தொடர்பும்

தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை இயங்கியது. 1876-இல் துறைமுக வேலை தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. பின்னர் அது திருத்தியமைக்கப்பட்டது. கடலோட்டம் வடக்கு நோக்கிக் கொண்டுசெல்லும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. அதனால் தெற்கே மணல் குவிந்து மெரீனாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரவின்றிக் கடல் கரையை அரித்தது. தெற்கே வாழ்வார் உலவ இடம் பெற்றனர். வடக்கே மீனவர் குடியிருப்பை இழந்தனர். ஒரே சுவரின் இருவேறு பயன்கள் இவை.

1918-இல் ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் அதனை வளர்த்தனர். 1923-இல் சிங்காரவேலர் மே நாளை இங்குக் கொண்டாடினார். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது சென்னை யாருக்கு என்னும் வழக்கு எழுந்தது; நகரம் தமிழர்க்கே உரியதாய் நின்றது. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1990-களில் புறநகரில் பன்னாட்டுக் கார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. 1871-இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1901-இல் 5 இலட்சத்தைக் கடந்தது. 2011 கணக்கின்படி புறநகரையும் சேர்த்து 86 இலட்சத்துக்கு மேலாயிற்று. அவ்வாண்டிலேயே மாநகராட்சியின் பரப்பு 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது.

நகரம் விழுங்கிய ஏரிகள்

ஊர்களைச் சேர்த்துக்கொண்ட நகரம் அவ்வூர்களின் ஏரிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆயின், ஏரிகளாக அன்று; மனைகளாக. மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராயநகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பெற்றது. நீர் போயினும் பெயர் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையைக் குறிக்கும் டேங்க் பண்டு சாலை இன்றும் உள்ளது. நகரின் நீர்த்தேவைக்குப் புழல் முதலிய தொலைவிடத்து ஏரிகளை நாட வேண்டியதாயிற்று. 2015 திசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அதே நகரம் குடிநீரின்றி வாடியது. வெள்ளத்தைத் தேக்கி வறட்சிக்கு வழங்குவதே ஏரியின் பணி. அப்பணியைச் செய்த ஏரிகளை இழந்த ஊர் இருதுன்பமும் எய்துதல் இயல்பே. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலகளாவிய காப்பிடங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதுவும் முன்பிருந்த பரப்பின் ஒரு பகுதியே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சென்னை கோட்டையால் மட்டும் பிறந்த நகரம் அன்று என்பதும், பழைய ஊர்கள் பல ஒன்றாகிய தொகுதி என்பதும் விளங்கும். கோட்டை அவ்வூர்களை இணைத்தது. வாணிகமும் இருப்புப்பாதையும் துறைமுகமும் அவற்றை உலகோடு பிணைத்தன. அவ்வகையில் 1639-ஆம் ஆண்டின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின், பிறந்த ஆண்டாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது என்கிறோம்.

இது வெறும் ஆண்டுக்கணக்குப் பற்றிய வழக்கு அன்று. வெறும் மணலில் எழுந்த நகரம் என்று நம்புவார்க்கு ஏரியும் வெறும் பள்ளமாகவே தோன்றும். ஊர்களின் தொகுதி என்று அறிவார்க்கோ, ஒவ்வோர் ஏரிக்கும் மதகுக்கும் ஓர் ஊரும் உரிமையும் வரலாறும் உண்டு என்பது புலனாகும். சென்னைப் பகுதிக் கல்வெட்டுகளையும் ஊர்ப்பெயர், தெருப்பெயர், ஏரிப்பெயர்களையும் ஒருங்கு தொகுத்து ஆராய்தல் இன்றியமையாதது. பெயர்ப்பலகைகள் மாறுவதற்கு முன்னரே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.