கையில் கரப்பானா? கை வைத்தியம் போதாது!

"சோப்புத் தண்ணியில கை வச்சாலே எரியுது மாமி! குழந்தைக்குச் சாதம் பிசைஞ்சு ஊட்ட முடியல" என்றாள், குரோம்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டியூபை ஒரு வருஷமாகத் தடவுகிறாளாம். போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும்.

இதுதான் எக்ஸிமா. பாட்டிமார் 'கரப்பான்' என்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வருஷத்தில் இரண்டு தரம் திரும்பினாலோ நாள்பட்டது என்று அர்த்தம். பயப்படாதீர்கள், இது தொத்து வியாதி அல்ல. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தினம் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் ஊறினால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். இடது கையின் முதல் மூன்று விரல் நுனிகள் மட்டும் வெடித்தால், உரிக்கிற பூண்டைச் சந்தேகப்படுங்கள். எங்கள் ஊருக்குப் பெயர் தந்ததே குரோம் தோல் தொழிற்சாலைதான். அந்தக் குரோமியம் சிமென்டிலும் உண்டு. கொத்தனார், சித்தாள் கைகளைப் படுத்துவது அதுதான்.

ஒவ்வாமையா என்று அறிய 'பேட்ச் டெஸ்ட்' உண்டு. முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்து, 4-ஆம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போனால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே தோல் பிரிவு இருக்கிறது.

சிகிச்சை படிப்படியானது:

* கை கழுவியதும் ஒத்தித் துடைத்து, வாசனையில்லாத வாஸ்லின் தடவுவது. இது தினமும்.
* ஸ்டீராய்டு களிம்பு, டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் ஒரு விரல் நுனி நீளம் போதும். வருஷக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். படர்தாமரையாக இருந்தால் பரவும்!
* ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. டெல்கோசிடினிப் என்ற புதுக் களிம்புக்கு ஐரோப்பா 2024-லும், அமெரிக்கா 2025-லும் அனுமதி தந்தன.
* அடங்காவிட்டால் புற ஊதா ஒளி சிகிச்சை, மாத்திரைகள். மெதோட்ரெக்சேட், அலிட்ரெடினாயின் மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாத்திரம் தேய்க்க உள்ளே பருத்தி, மேலே ரப்பர் கையுறை. ஆனால் பூண்டுச் சாறு கையுறையையும் ஊடுருவும். அதை வீட்டுக்காரர் உரிக்கட்டுமே! ஆறிய பிறகும் தோல் உள்ளே தேற மாதக்கணக்காகும். அதுவரை கையுறையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.