சம்மதிக்காவிட்டால் கணக்கு இல்லையா?

2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்த, தாம்பரம் பகுதியின் முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு மழைக்கால வாட்ஸ்அப் குழு பொழுதுபோக்கு அல்ல. அடையாற்றில் தண்ணீர் ஏறுகிறதா, எந்தத் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வீட்டுப்பாடம், தண்ணீர் லாரி, சங்கக் கூட்டம் எல்லாம் அதே செயலியில்.

2021 ஜனவரியில் அந்தச் செயலி ஒரு நிபந்தனை போட்டது. புதிய தனியுரிமைக் கொள்கையை பிப்ரவரி 8-க்குள் ஏற்க வேண்டும். ஏற்காதவர்கள் செயலியைப் பயன்படுத்த முடியாது.

நம் அரட்டையை ஃபேஸ்புக் படிக்கப்போகிறது என்ற வதந்தி அப்போது வேகமாகப் பரவியது. அது உண்மையல்ல. தொலைபேசி எண், கருவியின் விவரம், வணிகக் கணக்குகளோடு நாம் வைத்திருக்கும் தொடர்பு போன்றவை தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குக்குப் போவதுதான் பிரச்சினை. ஐரோப்பியப் பயனாளர்களின் தகவலை ஃபேஸ்புக் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தாது என்று நிறுவனமே சொன்னது. இந்தியருக்கு மட்டும் ஏன் குறைந்த பாதுகாப்பு? மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் இதைத்தான் கேட்டது.

மக்கள் கூட்டம் கூட்டமாக சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் மாறினார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரி அருகிலிருந்து இயங்கும் ஜோஹோவின் 'அரட்டை' செயலியும் அந்த ஜனவரியில்தான் சோதனை வடிவில் வெளிவந்தது. எதிர்ப்புக்குப் பலன் இருந்தது. கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது; பிறகு, ஏற்காதவர் கணக்கும் நீக்கப்படாது என்று அறிவிப்பு வந்தது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2024 நவம்பரில், இந்தக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 'ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு' என்று சந்தையில் வலுத்தவர் சொல்வது முறையல்ல என்பதே அதன் சாரம். ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்வதற்கு ஆணையம் விதித்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள்.

செயலியை மாற்றுவது மட்டும் தீர்வாகிவிடாது. 2025 செப்டம்பரில் 'அரட்டை'க்குப் பெருங்கூட்டம் வந்தபோது, அழைப்புகளுக்கு இருந்த முனைக்கு முனை மறையாக்கம் (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. எங்கு போனாலும் இந்த மறையாக்கம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குழு நிர்வாகிகள் உறுப்பினர்களின் எண்களைத் தனியே எழுதி வைக்க வேண்டும். மழை நாளில் கணக்கு முடங்கினால் அந்தத் தாள்தான் உதவும்.

உங்கள் கணக்கு முடக்கப்பட்டாலோ பதிவு நீக்கப்பட்டாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும், 7 நாளில் தீர்க்க வேண்டும் என்கின்றன, 2026-இல் திருத்தப்பட்ட 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியே முறையிடலாம். அலுவலரின் பதில் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். முறையீட்டுக்கான 30 நாள் கெடு அன்றுதான் தொடங்குகிறது.