விழிக்க மறுக்கும் கணிப்பொறி
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உறங்குபவனைத் தட்டி எழுப்பினால் அவன் உடனே வேலைக்கு ஓடிவிடுவதில்லை. கண்ணைத் திறக்கிறான், கை கால்களை அசைத்துப் பார்க்கிறான், பிறகே எழுகிறான். கணிப்பொறியும் அப்படித்தான். பொத்தானை அழுத்தியதும் நினைவகம் உள்ளதா, விசைப்பலகை உள்ளதா, வட்டு உள்ளதா என்று சோதித்த பின்னரே வட்டிலிருக்கும் விண்டோசை அழைக்கிறது. இந்தத் துயிலெழுப்பும் கட்டளைகள் தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கின்றன. இதற்கு நிலைப்பொருள் என்று பெயர். கடைத்தெருவில் 'பயாஸ்' என்பார்கள்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, இக்கட்டளைகள் அழிக்க முடியாதபடி சில்லில் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று அவை ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளன. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா 1984இல் உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு அது. மின்காப்புச் சுவருக்குள் எலக்ட்ரான்களைச் சிறைவைப்பதே அதன் தத்துவம். மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறுவதில்லை. ஆனால் ஒரு நியதி உண்டு. புதியதை எழுதுமுன் பழையதைப் பகுதி பகுதியாக அழித்தாக வேண்டும். ஆசிரியர் கரும்பலகையை அழித்த கணத்தில் விளக்கு அணைந்தால் வகுப்பின் கதி என்ன? நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் அதே கதிதான்.

ஆயினும் திரை இருண்டதெல்லாம் சில்லின் சாவு அன்று. இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்னும் வைரஸ் பல நாடுகளில் கணிப்பொறிகளின் வட்டைத் தாக்கியதுடன், பலவற்றில் சில்லிலிருந்த கட்டளைகளையும் சிதைத்தது. அவ்வாறு சிதைந்தவற்றின் திரையில் ஓர் எழுத்துகூடத் தோன்றவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பித்தலால் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றுபோயின. நம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் பயணிகள் காத்துக் கிடந்தனர். ஆனால் அன்று நீலத்திரையும் எழுத்துகளும் தெரிந்தன. நோய் வட்டிலிருந்த ஒரு கோப்பில்தான். அதை நீக்கியதும் பொறிகள் எழுந்தன. ஆகவே, திரையில் ஏதேனும் எழுத்து தெரிந்தால் நிலைப்பொருள் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரும்புலியூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா தட்டச்சு வேலை செய்து பிழைக்கிறார். ஒரு நாள் நிலைப்பொருள் புதுப்பித்தலுக்குப் பின் அவருடைய மடிக்கணினி இருண்டது. கடைக்காரர் ஒருவர், "தாய்ப்பலகை போய்விட்டது, வட்டையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும்" என்றாராம். அக்கா அழாத குறையாக வந்தார். மின்னேற்றியைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் மின்னேற்றியை மாட்டிப் போட்டோம். சில நிமிடங்களில் எழுத்துகள் தோன்றின. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. வட்டைப் பூட்டிக் காக்கும் 'பிட்லாக்கர்' என்னும் ஏற்பாடு, நிலைப்பொருள் மாறியதால் ஐயுற்றுக் கேட்ட கேள்வி அது. அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருந்தது. கைப்பேசியில் பார்த்துத் தட்டினோம். மனுக்களும் ஆய்வேடுகளும் அப்படியே இருந்தன.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

1. புதுப்பித்தல் நடக்கையில் பொறி தானே சிலமுறை அணைந்து எழும். அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

2. இருண்டே கிடந்தால், வெளியே செருகியவை அனைத்தையும் கழற்றிவிட்டு, மேலே சொன்ன அரை நிமிட முறையைச் செய்யுங்கள்.

3. மேசைக் கணிப்பொறியானால், மின் இணைப்பைத் துண்டித்த பின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைச் சில நிமிடம் எடுத்து மீண்டும் பொருத்துங்கள். அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

4. 'வட்டு காணவில்லை' என்று வந்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் வட்டை அணுகும் முறை பற்றிய அமைப்பு மாறியிருக்கும். பயாஸ் திரையில் முன்பிருந்தவாறு மாற்றினால் போதும்.

5. சில பொறிகளில் மீட்பு வழி உள்ளேயே உண்டு. எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும், டெல் மடிக்கணினிகள் பலவற்றில் 'கண்ட்ரோல்', 'எஸ்கேப்' விசைகளையும் அழுத்திக்கொண்டு மின்னூட்ட வேண்டும்.

6. எதுவும் பலிக்காவிட்டால், சில்லை மறுபடி எழுதும் கருவி வைத்திருப்போரிடம் செல்லலாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ரிச்சி தெரு தொலைவில் இல்லை. "சில்லை மட்டும் எழுதுங்கள், வட்டைத் தொட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களைப் போன்றோர் வீட்டில் மடிக்கணினி என்பது பல மாதச் சேமிப்பு. அதனினும் பெரியது அதற்குள் இருக்கும் உழைப்பு. துயிலெழுப்புபவன் மயங்கி விழுந்தான் என்பதற்காக, வீட்டிலுள்ள பொருளையெல்லாம் தெருவில் வீசுவார் உண்டோ? சில்லு வேறு, வட்டு வேறு என்னும் இந்த ஒரு செய்தியை அறிந்தவனை எவரும் எளிதில் அச்சுறுத்த முடியாது. நண்பர்களே, இதை வீட்டிலும் தெருவிலும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்!